பூனை சீண்டாத கருவாடு

மூக்குக் கண்ணாடி விற்கிறவருக்கு மூக்காலேயே ஒரு கஷ்டம் வரும் என்று யார் கண்டார்கள்? வந்தது. ஊரார் மூக்குக்கெல்லாம் அளவெடுத்து, அழுத்தாமலும் நழுவாமலும் மாட்டிவிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர் நம் கண்ணாடிக்காரர். கடை சின்னது, பெயர் நல்ல பெயர். கடை மாடியிலேயே குடித்தனம். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், பிறக்கப்போகிற பிள்ளையைச் சொந்த வீட்டில் தவழவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை. போய் விழுந்த இடம்தான் தப்பு.

துறைமுகத்துக்குப் பின்னால், லாரி திரும்பத் திணறுகிற தெருவில், அந்தக் கட்டடம் நிற்கிறது. ஒரு காலத்தில் அது கருவாட்டுக் கிடங்கு. கப்பலேறப் போகிற மூட்டைகளை அடுக்கி வைக்க யாரோ ஒரு கஞ்ச மகாபிரபு கட்டியது. அழகுக்காக ஒரு செங்கல்லைக்கூட அவன் திருப்பி வைக்கவில்லை. வியாபாரம் நொடித்தது, வௌவால் குடியேறியது. பிறகு ஒரு கட்டுமானக் கம்பெனி வந்து வௌவால்களை விரட்டிவிட்டு மனிதர்களை ஏற்றியது. உள்ளே அறை என்று ஒன்று கிடையாது. கூரை எட்டாத உயரம். சுவருக்குப் பூச்சு இல்லை. தலைக்கு மேலே குழாயும் கம்பியும் குடல் சரிந்த மாதிரி தொங்கும். செய்யாமல் விட்ட வேலைக்கெல்லாம் சேர்த்து விலை வைத்து, அதற்கு லாஃப்ட் என்று பெயரும் வைத்தார்கள்.

"லாஃப்ட்னா நம்ம அடுப்படிக்கு மேல ஓட்டைப் பாத்திரத்தைத் தூக்கிப் போடுவோமே, அதுதானே?" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "அதுல போயி மனுஷன் குடியிருப்பானா?"

"இது வேறம்மா. பெரிய இடத்து ஆளுங்கல்லாம் இப்ப இப்படித்தான் இருக்காங்க."

"பெரிய இடத்து ஆளுங்களுக்குப் பைத்தியம் பிடிச்சா நமக்கும் பிடிக்கணுமா?"

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருக்காது.

குடிவந்த அன்றைக்கே மரபுப் பாதுகாப்புக் குழு அவர்களைப் பிடித்துக்கொண்டது. எந்தக் குடியிருப்பிலும் ஒரு சங்கம் இருக்கும். தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்று சண்டை போடும். இந்தக் கட்டடத்தில் அப்படிப்பட்ட அற்ப விஷயங்களைப் பேசுகிற சங்கம் கிடையாது. குழுதான். குழுவின் தலைவர் சோப்புக் கம்பெனி முதலாளி. ஊரைக் கழுவியே காசு பார்த்தவர். கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நேர் மேலே, உச்சி மாடி முழுவதும் அவருடையது. செயலாளர் அம்மாள் இடிந்த வீடுகளின் கதவுகளை வாங்கி இடியாத வீடுகளுக்கு விற்பவர்.

கீழ்த்தளத்தில் பழைய மூட்டைத் தராசு ஒன்று சங்கிலியில் தொங்குகிறது. மாட்டைப் படுக்கவைக்கிற அகலத்துக்கு இரும்புத் தட்டு. புதிதாகக் குடிவருகிற எவரையும் அந்தத் தட்டில் உட்கார வைத்து நிறுத்து, எத்தனை மூட்டை என்று உரக்கச் சொல்லிக் கைதட்டுவது குழுவின் வழக்கம். நிறுக்காத ஆளைக் காவலாளி லிஃப்டில் ஏற்ற மாட்டார். கண்ணாடிக்காரர் முக்கால் மூட்டை வந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தூக்கி உட்கார வைத்தபோது சங்கிலி கிறீச்சிட்டது. "ஒரு மூட்டை!" என்று செயலாளர் அறிவித்தார். கைதட்டினார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "அன்பர்களே, இந்தத் தட்டில் அமர்ந்த கணத்திலிருந்து நீங்கள் வெறும் குடித்தனக்காரர்கள் அல்லர். நீங்கள் இந்தக் கிடங்கின் சரக்கு. சரக்குக்கு ஒரு கண்ணியம் உண்டு. அது புகார் சொல்வதில்லை. வைத்த இடத்தில் இருக்கும்."

"என்னங்க சொல்றாரு இவரு?" என்று மனைவி காதோரம் கேட்டாள்.

"வரவேற்கிறாரு," என்றார் கண்ணாடிக்காரர்.

பிறகு விதிகள். வீட்டை வீடு என்று சொல்லக் கூடாது, 'வெளி' என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னலுக்குத் திரை கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இருக்கிற ஆணியைப் பிடுங்கவும் கூடாது. கட்டிலுக்கு மேலே மூட்டை மாட்டுகிற துருக்கொக்கி ஒன்று நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடிக்காரர் அதில் முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டார். கேள்விப்பட்டதும் செயலாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். கொக்கியில் இரத்தம் பட்டிருந்தால் உடனே துடைத்துவிடும்படியும், உப்பு துருவைக் கூட்டிவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். முதல் மழை பெய்தது. நாற்றம் வந்தது.

அதை எப்படிச் சொல்வது? முதலில் ஏதோ எலி செத்த மாதிரி லேசாக வந்தது. மறுநாள் எலியின் குடும்பமே செத்த மாதிரி வந்தது. அதற்கடுத்த நாள் இதில் எலியின் குற்றம் ஒன்றுமில்லை என்று தெளிவாகிவிட்டது. சோற்றில் கை வைத்தால் நாற்றம் முதலில் வாய்க்குள் போனது. துவைத்துக் காயப்போட்ட சட்டை நாறியது. கடைக்கு வந்த ஒரு பெண்மணி, கண்ணாடி மாட்டிவிடக் கண்ணாடிக்காரர் குனிந்ததும், "அப்புறமா வர்றேன்" என்று எழுந்து போனாள். அப்புறம் வரவே இல்லை.

மனைவி மோப்பம் பிடித்து மூலத்தைக் கண்டுபிடித்தாள். அடுப்படி மூலையில், கூரையிலிருந்து தரைவரை, ஆள் நுழையும் அகலத்தில் ஒரு பழைய மரக்கூண்டு நின்றது. அந்தக் காலத்தில் உச்சி மாடியிலிருந்து மூட்டைகளை அதன் வழியாகச் சறுக்கவிட்டு இறக்குவார்களாம். 'சரக்குச் சறுக்கு' என்று பித்தளையில் எழுதி, கதவைத் திருகாணி போட்டு மூடி, குழுவின் அரக்கு முத்திரையும் வைத்திருந்தார்கள். மனைவி அதன் பக்கத்தில் போய் ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். தொட்டிக்கு ஓடி, தின்றதையெல்லாம் கக்கினாள்.

கண்ணாடிக்காரர் மாடிக்கு ஓடினார். "ஐயா, எங்க வீட்டுல, மன்னிக்கணும், எங்க வெளியில ஒரே நாத்தம். கொஞ்சம் வந்து பாக்கணும்."

குழு வந்தது. தலைவர் கூண்டின் முன்னால் நின்று மூச்சை இழுத்தார். கண்ணாடிக்காரர் அவருக்காகக் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு நின்றார். தலைவர் பழத்தை வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு புன்னகை பரவியது.

"கருவாடு," என்றார் மெதுவாக.

"ஐயா?"

"நூறு வருஷக் கருவாடு! அந்தக் காலத்து மூட்டைகள் உரசி உரசி, எண்ணெய் இந்த மரத்துக்குள்ளே போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறது. மழை ஈரம் அதைத் தட்டி எழுப்பிவிட்டது. இந்தக் கட்டடம் உங்களோடு பேசுகிறதய்யா!"

"ஐயா, கருவாட்டு வாடை எனக்குத் தெரியும். நான் அதைத் தின்னு வளர்ந்தவன். அது நாறும், ஆனா இப்படி நாறாது."

"நாற்றம் என்று சொல்லாதீர்கள்," என்றார் தலைவர். குரலில் வருத்தம் இருந்தது. "வாடை என்றும் சொல்லக் கூடாது. மரபு மணம்."

செயலாளர் அம்மாள் மூக்கைக் கூண்டின் இடுக்கில் வைத்து உறிஞ்சினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நாற்றத்தால் வந்ததா, பொறாமையால் வந்ததா என்று சொல்வதற்கில்லை. "என் வெளியில ஏன் வரல?" என்று தலைவரைக் கேட்டார். "நானும் அதே விலைதானே கொடுத்தேன்?"

அன்று மாலையே மனைவி பெட்டியைக் கட்டினாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இந்தச் சனியன் போனதும் கூப்பிடுங்க, வர்றேன். போகலைன்னா நீங்க அங்க வந்து பிள்ளையைப் பாத்துட்டுப் போங்க. பெத்த பிள்ளையைக் கொண்டாந்து இந்தக் கழிசடைக்குள்ள நான் போட மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கணக்கு டீச்சர், விடையை மாற்றி எழுதிப் பழக்கமில்லை. பிரசவத்துக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் நாற்றம் போக வேண்டும். கண்ணாடிக்காரருக்கு உலகத்தில் அப்போது வேறு கவலை கிடையாது.

அவர் நாற்றத்தைப் போக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, குழு அதை நிலைநாட்ட வழி தேடிக்கொண்டிருந்தது. ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். தேயிலைக் கம்பெனியில் காலமெல்லாம் ருசி பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் பட்டுத்துணி சுற்றியிருந்தார். கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வாயில் கொப்பளிப்பதுபோல் பாவனை செய்து, கடைசியில் தலையாட்டினார்.

"முதல் மூச்சில் கடல். நடுவில் வெயில். அடியில் ஏதோ ஒரு மனிதத்தன்மை," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் அவர் உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டார், பாவம். அது அவருக்கே தெரியாது.

வாசலில் வெண்கலத் தகடு அடித்தார்கள். அதற்கு மட்டும் சுவரில் ஆணி அடிக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்வையாளர்கள் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாக நின்று, கூண்டின் முன்னால் கண்ணை மூடி மூச்சிழுத்தார்கள். ஒரு புதுமணத் தம்பதி கைகோத்துக்கொண்டு இழுத்தார்கள். ஒரு பேராசிரியர் இழுத்துவிட்டு, தன் சின்ன வயசு ஞாபகம் வருகிறது என்று அழுதார். அவருடைய சின்ன வயசு எந்த லட்சணத்தில் இருந்ததோ! கண்ணாடிக்காரர் மூலையில் கைலியோடு நின்றுகொண்டு, தன் வீட்டுக்குள் நடக்கிற இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்தால் மணம் வீணாகும் என்று திறக்கவிடவில்லை. அடுப்பு மூட்டினால் கலப்படம் ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சமையலும் இல்லை. அருவருப்பில் அவருக்குப் பசியும் இல்லை என்பது வேறு விஷயம்.

"எப்படிங்க ஊரே சேர்ந்து இதை நுகருது?" என்று மனைவி போனில் கேட்டாள்.

"எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை கருவாடுதானோ என்னவோ. இத்தனை படிச்சவங்க சொல்றாங்களே."

அவள் குரல் மாறியது. "அக்கா வீட்டுப் பூனையை அத்தான்கிட்ட குடுத்து அனுப்புறேன். கருவாடுன்னா அது உசிரை விடும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கிறப்ப அவுத்து விடுங்க. படிச்சவங்க பொய் சொல்லலாம். பூனை சொல்லாது."

சகலை கூடையில் பூனையைக் கொண்டுவந்து கொடுத்தார். சாம்பல் நிறம், கொழுத்த உடம்பு, தின்பதைத் தவிர வேறு தொழில் அறியாதது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிறைந்திருந்தபோது கண்ணாடிக்காரர் கூடையைத் திறந்தார். பூனை சோம்பல் முறித்தது. கூட்டம் வழிவிட்டது. நேராகக் கூண்டுக்குப் போய் மூக்கை வைத்தது.

மூக்கைச் சுருக்கியது. மீசை பின்னால் போனது. ஓரடி பின்வாங்கி, முன்னங்காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் பிறாண்டியது, சுற்றிவந்து அந்தப் பக்கம் பிறாண்டியது. இல்லாத மண்ணைத் தள்ளித் தள்ளி எதையோ மூடப் பார்த்தது. பூனை எதைப் பார்த்தால் மண்ணைத் தள்ளி மூடும் என்பது பூனை வளர்த்த எவருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சகலை வாய்விட்டே சிரித்துவிட்டார்.

செயலாளர் அம்மாள் இரு கைகளையும் கூப்பினார். "பாருங்க, பாருங்க! வாயில்லாத ஜீவன் மண்டி போட்டுக் கும்பிடுது!"

கூட்டம் 'ஆஹா' என்றது. மூக்கைப் பொத்திய பெண்ணும் கையை எடுத்துவிட்டுக் கும்பிட்டாள்.

மறுநாள் குழு கூடி, பழமையான தரைப்பலகையைப் பிறாண்டியதற்காகப் பூனையைக் கட்டடத்தில் நுழையக் கூடாது என்று விலக்கிவைத்தது. கும்பிட்டதற்காக ஒரு பாராட்டும் தெரிவித்தது.

கண்ணாடிக்காரருக்கு இனி சந்தேகம் இல்லை. கடையிலிருந்து, கண்ணாடிச் சட்டத்துத் திருகாணி முடுக்குகிற சின்னத் திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். நடுப்பகலில், கட்டடமே தூங்குகிற நேரத்தில், அரக்கு முத்திரையைச் சுரண்டி எடுத்தார். எறும்பளவு திருகாணிகளைக் கழற்றிப் பழகிய கை. இந்தத் தடித்த திருகாணிகளோடு மல்லுக்கட்டியதில் உள்ளங்கை கன்றிப்போனது. கதவு திறந்தது.

உள்ளே நூறு வருஷத்துக் கருவாடு ஒன்றும் இல்லை. மேலேயிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இறங்கியிருந்தது. புதுசு, மேலே ஒட்டிய விலைச்சீட்டுகூட இன்னும் உரியவில்லை. கட்டுமானக் கம்பெனிக்காரன் அதைப் பெரிய குழாயோடு சேர்க்க மறந்து, அந்தரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதன் வாய் கூண்டுக்குள் திறந்திருந்தது. கீழே மரப்பலகை அடைத்திருந்ததால் வந்ததெல்லாம் அங்கேயே தங்கியிருந்தது. எவ்வளவு, எப்படி இருந்தது என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. நீங்களும் சாப்பிடுகிறவர்கள்தானே.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே, உச்சி மாடிக் கழிப்பறையில், தண்ணீர் இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது. குழாய்க்குள் ஏதோ உருண்டு வந்தது. கண்ணாடிக்காரர் கதவை அறைந்து சாத்திவிட்டுத் தொட்டிக்கு ஓடினார்.

வாயைக் கழுவிக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"கருவாடு இல்லம்மா."

"அதான் பூனையே சொல்லிருச்சே. என்னது அது?"

"தலைவரு."

"என்னது?"

"தலைவரோடது."

எதிர்ப்பக்கம் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "ஐயையோ, அதையா அத்தனை பேரும் வரிசையில நின்னு..." என்று ஆரம்பித்து, போனைக் கீழே போட்டுவிட்டுக் கக்க ஓடிய சத்தம் கேட்டது.

குழுக் கூட்டத்தில் கண்ணாடிக்காரர் எழுந்து நின்று, கண்டதைக் கண்டபடி சொன்னார். கடைக்கு வருகிறவர்களிடம் பார்வை குறைந்ததைச் சொல்லும்போது எவ்வளவு மரியாதையாகச் சொல்வாரோ, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். செயலாளர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். தேயிலை நிபுணர் பட்டுத்துணியை அவிழ்த்து வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் தலைவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

தலைவர் எழுந்தார். முகத்தில் ஒரு கணம் சாதாரண மனிதனுக்கு உரிய வெட்கம் ஓடியது. ஒரே கணம்தான், பிறகு தலைவர் திரும்பி வந்துவிட்டார்.

"அன்பர்களே, நான் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சில நாட்களாகவே அந்த மணத்தில் எனக்கு ஒரு நெருக்கம் தெரிந்தது. ஏன் என்று இன்றுதான் புரிகிறது. இந்தக் கட்டடத்தில் முதன்முதலாகக் குடியேறியவன் நான். மரபு என்பது என்ன? மேலே இருப்பவர்கள் விடுவதைக் கீழே இருப்பவர்கள் போற்றுவது. அந்தக் காலத்தில் மேலேயிருந்து மூட்டை வந்தது, இந்தக் காலத்தில் இது வருகிறது. பொருள் மாறலாம், பாதை மாறவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சறுக்கு மீண்டும் தன் வேலையைச் செய்கிறது. இதை நாம் நிறுத்தப் போகிறோமா?"

"ஐயா, அது சாக்கடைய்யா!" என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்களுக்கு அப்படி. சான்றிதழில் அப்படி இல்லை."

அதுதான் விஷயம். மணத்துக்குச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, தகடு அடித்தாகிவிட்டது, மரபுக் கட்டட விருதுக்கு மனுப் போட்டாகிவிட்டது. நடுவர்கள் வந்து நுகர்ந்து பார்க்கத் தேதியும் குறித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு அது கருவாடு இல்லை என்று சொன்னால் குழுவுக்கு என்ன மரியாதை? குழாயை எவரும் தொடக் கூடாது, மணம் செலவாகாமல் இருக்க நடுவர்கள் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வேண்டாம் என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். தேயிலை நிபுணரும் கை தூக்கினார். இன்னொரு கை இன்னும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. நடுவர்கள் வரும்வரை தலைவர் வெளியூர் எங்கும் போகாமல் இருக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கட்டடத்தின் நலனுக்காக அந்தத் தியாகத்தைச் செய்வதாகத் தலைவர் ஒப்புக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் படியிறங்கி வந்தபோது போன் அடித்தது. சகலை. "பொண்ணுய்யா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உன் மூக்கையே உரிச்சு வெச்சிருக்கு!"

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளையைக் கையில் வாங்கினார். அவள் மூக்கு உளுந்தளவு இருந்தது. அந்த மூக்கைப் பார்த்த பிறகு அவருக்கு யார்மேலும் பயம் இல்லாமல் போய்விட்டது. இந்த மூக்குக்குள்ளேயா அந்தச் சோப்புக்காரனை விடுவது?

மறுநாளே ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார். ஒரு வளைவுத் துண்டு, கொஞ்சம் பசை. அந்தரத்தில் நின்ற குழாய் பெரிய குழாயோடு சேர்ந்துகொண்டது. ஆள் வைத்துக் கூண்டை வாரிக் கழுவி, சுண்ணாம்பு தெளித்து, ஜன்னல்களையெல்லாம் அகலத் திறந்துவிட்டார். மழைக்காற்று உள்ளே வந்தது. நாற்றம் போனது. கண்ணாடிக்காரர் தரையில் மல்லாந்து படுத்து, எதுவுமே மணக்காத காற்றை ஆசை தீர இழுத்தார்.

"வா," என்றார் போனில்.

"சத்தியமா போச்சா?"

"வேணும்னா பூனையையும் கூட்டிட்டு வா."

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்குப் போய், உடம்பு தேறியதும் அவள் பிள்ளையோடு வந்தாள். விதி என்று ஒன்று இருக்கிறதே. நடுவர்கள் வந்ததும் அதே நாள்தான். அவள் காரைவிட்டு இறங்கியபோது கீழ்த்தளமே கொதித்துக்கொண்டிருந்தது. நடுவர்கள் மேலே போய், கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கி வந்திருந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்காரரை நிறுத்தி வைத்துத் தலைவர் கைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு பாரம்பரியத்தைக் கொன்றுவிட்டீர்கள்! நூறு வருஷம் காத்திருந்து எழுந்த மணம்!"

"ஐயா, அது நீங்க காலையில..."

"பேசாதீர்கள்! இருந்ததை இருந்தபடி மீட்டுக் கொடுக்கும்வரை உங்களை விடமாட்டேன். எங்கிருந்து கொண்டுவருவீர்களோ, கொண்டுவாருங்கள்!"

மனைவி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் லிஃப்ட் பக்கம் நடந்தாள். காவலாளி கையை நீட்டி மறித்தார். "அம்மா, பாப்பாவை நிறுக்கணும்மா. புதுக் குடிங்க. நான் என்னம்மா பண்றது, வேலை போயிரும்."

"நிறுத்துத் தொலைங்க," என்றாள். பிரசவ அசதி, சண்டை போடத் தெம்பில்லை. நடுவர்கள் முன்னால் ஒரு சடங்காவது ஒழுங்காக நடக்கட்டும் என்று செயலாளர் அம்மாளே முன்வந்து பிள்ளையை வாங்கினார். துணியின் எடை சரக்கின் எடையில் சேரக் கூடாது என்பது விதி. அதனால் சுற்றியிருந்த துணி, இடுப்புத் துணி எல்லாவற்றையும் உருவிவிட்டு, பிறந்த மேனியாகப் பிள்ளையை அந்தப் பெரிய இரும்புத் தட்டின் நடுவில் வைத்தார்.

இரும்பு ஜில்லென்றிருந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்தது. காலை மடக்கியது. முகம் சிவந்தது. பிறகு, அத்தனை பெரிய மனிதர்களும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சளாக, தாராளமாக, தட்டு நிறையப் போனது.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் மூச்சை விட்டவர் தேயிலை நிபுணர். குனிந்தார். கண்ணை மூடினார். மெதுவாக இழுத்தார்.

"அடியில் அதே மனிதத்தன்மை," என்றார், குரல் தழுதழுக்க.

நடுவர்களில் மூத்தவர் குனிந்தார். செயலாளர் குனிந்தார். தலைவர் குனிந்து மூச்சை இழுத்து நிமிர்ந்தபோது அவர் கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டார். "மீட்டுக் கொடுங்கள் என்றேன், கொடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் இளசாக இருக்கிறது, போகப் போக முற்றும். குழந்தையைத் தினமும் ஒரு வேளை அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில்..."

"எடுங்க கையை," என்றாள் மனைவி.

தலைவர் கையை எடுத்தார்.

அவள் பிள்ளையைத் தூக்கித் துடைத்து, துணியில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டாள். "பிறந்து முழுசா ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள உங்க எல்லாருக்கும் எது தகுதியோ அதைச் சரியாக் குடுத்திருக்கா. நான் இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இப்படி ஒரு விடையை எவனும் எழுதினதில்ல." பிறகு புருஷனைப் பார்த்தாள். "கடை மாடி இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"இருக்கு."

"அங்க சுவத்துக்குப் பூச்சு இருக்கு, ரூமுக்குக் கதவு இருக்கு. அது வீடு. வர்றீங்களா, இல்ல இங்கயே சரக்கா இருக்கப் போறீங்களா?"

கண்ணாடிக்காரர் சட்டைப்பையில் கையை விட்டார். பாடுபட்டு வாங்கிய வீட்டின் சாவி. அதைத் தட்டின் ஓரத்தில், சுத்தமாக இருந்த இடமாகப் பார்த்து வைத்தார். வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். பின்னாலேயே ஓடினார். விற்கிற பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதைவிட நாற்றமான சாமான்களெல்லாம் ஊரில் விலைபோகின்றன.

காரில் ஏறியதும் பிள்ளையை வாங்கி உச்சந்தலையில் மூக்கை வைத்தார். பால்வாசனை. வீடுவரைக்கும் மூக்கை எடுக்கவில்லை.

உள்ளே காவலாளி ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக வந்து தராசுப் பக்கத்தில் நின்றார். "ஐயா, இதைத் துடைச்சிரட்டுமா?" என்று கேட்டார். நடுவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அதைச் சுற்றிக் கயிறு கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். குழு கூடி முடிவு செய்யும்வரை எதையும் தொட வேண்டாம் என்று கடைசியில் தலைவர்தான் சொன்னார்.

முடிவு இன்னும் வரவில்லை என்று கேள்வி. ஈ வந்துவிட்டது.